ஒறம்பரை

கருமத்தம்பட்டி மில்லில் நான் சைடர்.
ஃபிரேமுக்கு ஃபிரேம் நடந்து
அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே போவேன்.
ஷிப்ட் முடிகையில் தலைமுடியெல்லாம் பஞ்சு.
போன தையில் மில்லை மூடினார்கள்.

இப்போது அவினாசி ரோட்டில் ஒன்பது மாடி ஓட்டல்.
ஆறு வாரப் பயிற்சி, ஒரு வேளைச் சாப்பாடு,
இரண்டு ஜோடிச் சீருடை.
பேட்ஜ் அடிக்கும் மெஷினில் இடம் பத்தாமல்
மாரக்காள் என்ற நான் மாரா ஆனேன்.
யாராவது மாரா என்று கூப்பிட்டால்
இன்னமும் பக்கத்தில் நிற்பவளைத்தான் பார்க்கிறேன்.

டென்சில் சார் போத்தனூர் ரயில்வே காலனிக்காரர்.
கப்பலில் பதினோரு வருசம் படுக்கை விரித்தவர்.
"கடல் ஆடும், கட்டில் ஆடலாம்,
மூலை மடிப்பு ஆடக் கூடாது."
அஞ்சு ரூபாய்க் காசை விரிப்பின் மேல் போடுவார்.
காசு துள்ள வேண்டும்.
முதல் வாரம் என் விரிப்பில் அது
குட்டைக்குள் எருமை மாதிரி
படுத்தே கிடந்தது.

தொட்டவுடன் எனக்குத் தெரியும்
இது அறுபதாம் நம்பர் நூல், இது நாற்பது என்று.
அதற்கு இங்கே மார்க் இல்லை.

கதவை மூன்று தரம் தட்டு.
"ஹவுஸ்கீப்பிங்" என்று சொல்.
மனசுக்குள் பத்து வரை எண்ணு.
நான் தட்டினேன்.
"ஹவுஸ்கீப்பிங்ங்க!"
வகுப்பே சிரித்தது.
அந்த 'ங்க'வைக் கழற்றி வைக்கச் சொன்னார் சார்.
காலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி
கழற்றிக் கழற்றிப் பார்க்கிறேன்,
நீலம்பூர் தாண்டுவதற்குள்
ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

கெஸ்ட் என்றால் யார், ஒருநாள் கேட்டார்.
"ஒறம்பரைங்க" என்றாள் கிணத்துக்கடவு சரோஜினி.
ஒறம்பரை வந்தால் வீட்டில் என்ன செய்வீர்கள்?
"கோழி அடிப்போம்" என்றான் சுள்ளிபாளையத்துப் பையன்.
"கட்டிலை அவங்களுக்குக் குடுத்துட்டு
நாங்க கீழ படுத்துக்குவோம்" என்றேன் நான்.
சார் தலையாட்டிவிட்டுப் பலகையில் எழுதினார்:
செக் அவுட், காலை பதினொன்று.

நாலாம் வாரம் பரீட்சை.
எனக்கு விழுந்தது எழுநூற்றுப் பன்னிரண்டு.
தூரத்து நாட்டு ஆள், ஒண்டியாக.
பெண்சாதி மூணு கிலோமீட்டர் தள்ளி ஆஸ்பத்திரியில்.
ரிஜிஸ்டரில் அவ்வளவுதான் இருந்தது.

தட்டினேன். எண்ணினேன். திறந்தேன்.
கட்டிலில் நேற்று நான் போட்ட மடிப்பு
அப்படியே இருந்தது. முந்தாநாள் போட்டதும்
அப்படித்தான் இருந்திருக்கும், இப்போது புரிந்தது.
ஜன்னலோரம் தரையில்
இரண்டாய் மடித்த போர்வை ஒன்று,
ஒரு தலையணை, அதில் தலை அழுந்திய குழி.
பக்கத்தில் மாத்திரைச் சீட்டு, பேரீச்சங்கொட்டை நாலு.

புத்தகத்தில் தேடிய மாதிரி நின்றேன்.
தரையைப் பற்றி வாக்வம் போடு என்றுதான் இருக்கிறது.
வந்தவன் கட்டிலை யாருக்கு விட்டு வைத்திருக்கிறான்?

கட்டிலை நிமிசத்தில் முடித்தேன், பிரிக்காததை
மறுபடி விரிக்க எவ்வளவு நேரம் ஆகும்.
அப்புறம் மண்டி போட்டேன்.
புது விரிப்பு. அறுபதாம் நம்பர்.
கீழே ஒரு கனத்த கம்பளி.
நாலு மூலையும் நாற்பத்தைந்து பாகையில்
இழுத்து, மடித்து, செருகி,
நூல் ஒட்டின விரலால் நீவிவிட்டேன்.
கொட்டைகளைக் காகிதத்தில் வைத்தேன்,
எறியவில்லை. எண்ணி வைத்திருக்கிறானோ என்னவோ.

சார் மார்க் அட்டையோடு வந்தார்.
கட்டிலைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.
பையிலிருந்து அஞ்சு ரூபாயை எடுத்தார்,
குனிந்தார்,
கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு
காசைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அட்டையில் தரைக்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் என்னமோ எழுதினார்.
எட்டிப் பார்த்தேன்:
'குளியலறை, டவல் ஒன்று குறைகிறது.'

குறைந்துதான் இருந்தது.
"இதோ வந்தர்றனுங்க சார்" என்று
டிராலிக்கு ஓடினேன்.